சொல்யூஷன் அடிக்கும் பையன் சுவரில் என்ன பார்க்கிறான்?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அக்கா பையனுக்கு 16 வயது. பத்தாவதில் பாதியில் நின்றுவிட்டு சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறான். 8 மாதமாகப் பஞ்சர் சொல்யூஷனை முகர்கிறான். இப்போது மொட்டை மாடிச் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறான், ஆளில்லாத பக்கம் திரும்பிப் பேசுகிறான். இது மனநோயா, மாத்திரை கொடுத்தால் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், 'அடித்தும் பார்த்தாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு, அந்தக் கருமத்தில் அப்படி என்னதான் இருக்கிறது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது: அந்தச் சுவரில் அவன் என்ன பார்க்கிறான் என்பதில்.

நான் மருத்துவர் இல்லை. மனநல சமூகப் பணி படித்துவிட்டு 17 வருடமாகப் போதை மீட்பு மையங்களிலும், ரயில் நிலையங்களில் சுற்றும் பிள்ளைகளுக்கான இல்லங்களிலும் வேலை பார்க்கிறேன். மருந்து எழுதுவது என் வேலை அல்ல; பையன்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. அதனால் கீழே சொல்வதில் மருந்து பற்றிய பகுதியை ஒரு மனநல மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பையனை நேரில் பார்க்காமல் 'இது இன்ன நோய்' என்று நானோ வேறு யாருமோ எழுதினால் நம்பாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அவன் போதையில் இருக்கும்போது துரத்தாதீர்கள், அடிக்காதீர்கள், பின்னால் போய்ச் சட்டென்று கத்தாதீர்கள். இது இரக்கத்துக்காகச் சொல்வது அல்ல. முகர்ந்த சொல்யூஷனின் ஆவி உடம்புக்குள் இருக்கும் நேரத்தில், பயந்தாலோ ஓடினாலோ சுரக்கும் அட்ரினலினுக்கு இதயத் தசை மிதமிஞ்சித் துடிக்கும். பயமோ ஓட்டமோ அட்ரினலினைக் கொட்டினால் துடிப்பு தாறுமாறாகி ஆள் அங்கேயே விழுந்துவிடலாம். 1970இல் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படி இறந்த 110 இளைஞர்களின் விவரத்தைத் தொகுத்து எழுதினார். 'திடீர் முகர்வு மரணம்' என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. முதல் தடவை முகர்பவனுக்கும் இது நடக்கலாம். கையும் களவுமாகப் பிடித்தால் ஜன்னலைத் திறந்து காற்று வரவிடுங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள், உட்கார வையுங்கள். விசாரணையை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, அந்த டியூபுக்குள் என்ன இருக்கிறது? ரப்பரைக் கரைக்கும் கரைப்பான்தான். டொலுயீன், ஹெக்ஸேன் மாதிரியானவை. தயாரிப்பைப் பொறுத்து மாறும். பெயிண்ட் தின்னர், பழைய பாட்டில் வொயிட்னர், பசை எல்லாம் இதே குடும்பம். இவை கொழுப்பில் கரைபவை. மூளையில் கொழுப்பு அதிகம் என்பதால் நுரையீரலிலிருந்து அங்கே போய்ச் சேரச் சில நொடிகளே போதும். போனதும் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. சாராயத்தைப் போலவே மூளையின் தணிப்பு வேலையைத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் நாக்குக் குழறுவதும் தள்ளாட்டமும். கூடவே மூளைச் செல்கள் செய்தி வாங்கும் வாசல்களில் ஒன்றான என்.எம்.டி.ஏ என்ற ஏற்பியை அடைக்கிறது. கெட்டமின் என்ற மயக்க மருந்து அடைப்பதும் இதே ஏற்பியைத்தான். அது அடைபட்டால் வெளியிலிருந்து வரும் செய்தியும் மனதுக்குள் ஓடும் கற்பனையும் தனித்தனியாக நிற்காமல் கலந்துவிடுகின்றன. குடித்தவனின் தள்ளாட்டத்தோடு விழித்தபடியே வரும் கனவும் சேர்ந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதுவரை சொன்னது ஆய்வுக்கூடத்தில் பல முறை பார்த்து உறுதியானது.

அந்தக் கனவு பெரும்பாலும் கண்ணுக்குத்தான் வருகிறது. நம் ஊரில் கயிற்றைப் பாம்பென்று கண்ட கதையைச் சொல்வார்களே, பாதிக்கு மேல் அந்த ரகம். கயிறு என்ற ஒன்று அங்கே இருக்கிறது. மூளை அதைத் தப்பாகப் படிக்கிறது. பாசி பிடித்த சுவர், காரை பெயர்ந்த திட்டு, தண்ணீர்க் கறை இவை அசைய ஆரம்பிக்கும், நிறம் மாறும், ஆளாகும், வண்டியாகும். கயிறே இல்லாமல் பாம்பு வருவது அடுத்த கட்டம். காதில் இரைச்சல், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, தோலில் எறும்பு ஊர்வது எல்லாம் வரும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் காட்சி அளவுக்கு இல்லை. ஒருமுறை முகர்ந்தால் சில நிமிடம், மிஞ்சிப்போனால் அரை, முக்கால் மணி நேரம். அதனால்தான் திரும்பத் திரும்ப முகர்கிறார்கள். நீங்கள் மணிக்கணக்கில் அவன் மாடியில் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருப்பது இந்தச் சின்னச் சின்னச் சுற்றுகள் சேர்ந்துதான்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வருகிறது. மனநோயில் வரும் பிரமை ஆளைத் தேடி வருவது. சொல்யூஷன் பிரமை ஆள் தேடிப் போவது, ஆரம்பத்திலாவது. குடும்பங்கள் இதைப் பக்கவிளைவு என்று நினைக்கின்றன. பையனுக்கோ அதுதான் சரக்கே. ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். 14 வயசு, ஓட்டலில் தட்டு கழுவுகிறவன். எங்கள் இல்லத்துக்கு வந்து பத்து நாள் வாயே திறக்கவில்லை. பதினோராவது நாள், கேரம் போர்டில் பவுடர் தூவிக்கொண்டே, 'சொல்யூஷன் போட்டா என்னடா தெரியும்' என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமல் 'மேட்ச்' என்றான். பாலத்துக்கு அடியில் ஒரு தூண், அதில் போஸ்டர் கிழிந்த இடத்தில் கிரிக்கெட் ஓடுமாம். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தான். 'நான் நினைச்சாதான் சார் தோனி அவுட் ஆவாரு. நினைக்கலைன்னா ஆவ மாட்டாரு.' சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டினான்.

காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பதினொன்று வரை எல்லோரும் சொல்வதை அவன் கேட்கிறான். அவன் சொல்வதைக் கேட்டது அந்தத் தூண் ஒன்றுதான். வேறு வேறு பையன்களிடம் இதையே வேறு வேறு படமாகக் கேட்டிருக்கிறேன். சிலர் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து ஒருவன் சொல்லச் சொல்ல மற்றவர்களும் அதையே பார்ப்பார்கள், சினிமாக் கதை சொல்கிற மாதிரி. எல்லாருக்கும் ஒரே காட்சி நிஜமாகவே தெரிகிறதா, வார்த்தை அவரவர் படத்தை வளைத்துக்கொள்கிறதா என்றால் எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. கேட்டபடி கனவை வளைக்க முடிவது இந்தப் போதையின் தனிக்குணம். குடியிலோ கஞ்சாவிலோ இவ்வளவு பச்சையாக நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் கீழ்ப்படிதல் நீடிப்பதில்லை. நாளாக நாளாகப் படம் வர அதிக ஆவி தேவைப்படும். வருகிற படமும் சொன்னபடி கேட்காது. போலீஸ் வரும், பாம்பு வரும், செத்துப்போன ஆள் வருவார். மேட்ச் பார்த்த பையன் எங்களிடம் வந்ததே தூணில் இருந்தவர்கள் அவனைத் திட்ட ஆரம்பித்த பிறகுதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் பையன் இன்னும் சிரிக்கிற கட்டத்தில் இருக்கிறான். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றால், உடலுக்கு நல்லது, மனசை மாற்றுவதற்குச் சிரமமானது. சிரிப்பவனுக்கு விடுவதற்குக் காரணம் குறைவு.

இனி 'மனநோயா' என்ற கேள்வி. இதற்கு ஸ்கேனை விட ஒரு நாற்பது பக்க நோட்டு அதிகம் உதவும். எந்த நாள், எத்தனை மணிக்கு முகர்ந்தான் (வாடை வைத்துத் தெரியும், மூச்சில் பல மணி நேரம் நிற்கும்), எத்தனை மணிக்குத் தனியாகப் பேசினான், என்ன பேசினான் என்று அக்காவை எழுதச் சொல்லுங்கள். பேச்சும் சிரிப்பும் முகர்ந்ததை ஒட்டியே வந்து அதோடு போய்விட்டால் அது போதையின் மயக்கம். முகராத நாளிலும் தெளிவாக இருக்கும்போதே குரல் கேட்டால், யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்பினால், அது மனப்பிறழ்வின் பக்கம் போகிறது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகர்வதை அடியோடு நிறுத்தி ஏறத்தாழ ஒரு மாதம் ஆகியும் அது தொடர்ந்தால் போதையை மட்டும் காரணம் சொல்வதற்கில்லை, தனி நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம் கையேட்டில் உள்ள வழிகாட்டுதல். இங்கேயும் பொதுவாக அப்படித்தான் பார்க்கிறார்கள். இன்னொன்று, தெளிந்த பிறகு 'மாடியில் என்னடா பாத்த' என்று கேளுங்கள். 'சும்மா படம் மாமா' என்று வெட்கப்பட்டால் அது படம் என்பது அவனுக்குத் தெரிகிறது. 'நிஜமாவே இருந்தாங்க' என்று வாதாடினால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாத பகுதியும் இதில் இருக்கிறது. முகர்வதால் நீடித்த மனப்பிறழ்வு உண்டாகிறதா, ஏற்கெனவே அந்த வாய்ப்பு உள்ளவர்களிடம் அது முன்கூட்டியே வெளிப்படுகிறதா, உள்ளுக்குள் தொந்தரவு தொடங்கியவர்கள் அதை அடக்கத்தான் முகர்கிறார்களா என்பது இன்னும் தீராத வாதம். சிக்கல் வயதில் இருக்கிறது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) தலைகாட்டும் வயதும் ஏறத்தாழ இதே வயதுதான், பதின்ம வயதின் கடைசியும் இருபதுகளும். இரண்டும் ஒரே பையனிடம் வந்தால் எது முந்தி என்று பின்னால் போய்ப் பிரிப்பது கஷ்டம். உங்கள் குடும்பத்தில் நெருங்கிய யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விடும்போது வரும் தொந்தரவிலும் இதே கதைதான். டி.எஸ்.எம்-5 இந்த வகைக்கு 'விலகல் நோய்' என்று ஒன்றை ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 ஏற்கிறது. நான் பார்த்த வரையில் முதல் நாலைந்து நாள் எரிச்சல், தூக்கமின்மை, வியர்வை இருக்கும், குடிகாரர்களுக்கு வருகிற நடுக்கம் அளவுக்குப் போவது அரிது.

'ஏன் விட முடியவில்லை' என்பதற்கு மனதின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் வேகம். செய்கைக்கும் பலனுக்கும் இடையே சில நொடிகளே இருந்தால் மூளை அந்தப் பாடத்தை ஆழமாக எழுதிக்கொள்ளும். பலன் கிடைத்ததை மூளைக்குப் பதியவைக்கும் டோபமின் சுற்று அப்படித்தான் வேலை செய்கிறது. ஏற்றமும் உடனே, இறக்கமும் உடனே என்பதால் ஒரே நாளில் அந்தப் பாடம் இருபது தடவை ஒப்பிக்கப்படுகிறது. அப்புறம் வாசனை. மற்ற போதைக்கு அடிமையானவனுக்குத் தூண்டுதலாக ஏதோ தெரு, ஏதோ நண்பன் இருக்கும். இவனுக்குச் சரக்கின் வாசனையே தூண்டுதல். அது மூக்கில் பட்டதும் படம் தொடங்கும் முன்பே உடம்பு தயாராகிவிடும். உங்கள் பையன் வேலை பார்ப்பது சைக்கிள் கடையில். நாளைக்குப் பத்துப் பஞ்சர் ஒட்டினால் பத்து முறை அவனை அது கூப்பிடுகிறது. இந்த நிலையில் 'மன உறுதி வேண்டும்' என்று அவனிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பசியும் சேர்ந்துகொள்ளும். இந்த ஆவி பசியை அடக்கும், குளிரை மறக்கடிக்கும். தெருவில் வாழும் பிள்ளைகளுக்கு இது ஒரு சாப்பாட்டை விட மலிவு. வீட்டில் இருக்கும் பையன்களிடம் பசிக்குப் பதிலாக வேறொன்று இருக்கும்: பரீட்சையில் தோற்ற அவமானம், அப்பாவின் குடி, சொல்ல முடியாத ஏதோ ஒன்று. பாலியல் துன்புறுத்தலும் அதில் இருக்கலாம், கேட்காமல் விடாதீர்கள். படிப்பு கெட்டது சொல்யூஷனால் என்று குடும்பம் சொல்லும். பல பையன்களிடம் விசாரித்தால் பள்ளி முதலில் போயிருக்கும், சொல்யூஷன் அதற்குப் பிறகுதான் வந்திருக்கும். உங்கள் பையன் பத்தாவதில் ஏன் நின்றான் என்று நீங்கள் எழுதவில்லை.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். பையனின் செருப்பைக் கவனியுங்கள். நடக்கும்போது ரப்பர் செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் கிடக்க, அது தெரியாமலே அவன் நாலு அடி போகிறானா? அப்படியென்றால் பாதத்தின் உணர்வு நரம்பு பழுதாகிறது. கழன்றது தெரிகிறது, ஆனால் விரலால் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்றால் தசை பலமிழக்கிறது. ஹெக்ஸேன் உடம்பில் போய் மாறும் பொருள் நீளமான நரம்புகளைத்தான் முதலில் தின்னும், அதனால் பாதத்தில் தொடங்கும். 1960களில் ஜப்பானில் இந்தக் கரைப்பான் கலந்த பசையால் செருப்பு ஒட்டிய தொழிலாளர்கள் பலருக்குக் கால் விழுந்த பிறகுதான் உலகத்துக்கே இது உறைத்தது. டொலுயீனில் வேறு ஆபத்து. சிறுநீரகம் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாமல் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிடும். ஒருநாள் காலையில் கைகால் தூக்க முடியாமல் கிடப்பான். வலிப்பு, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, இந்தக் கைகால் பலவீனம் எது வந்தாலும் நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் 'சொல்யூஷன் முகர்கிறான்' என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். இதயத்தைப் பாதுகாக்கச் சில மருந்துகளை அவர்கள் தவிர்க்க வேண்டியிருக்கும்.

மூளையில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை கொழுப்பால் ஆனது. பல வருடம் முகர்ந்தவர்களுக்கு அது கரைந்து, யோசனை மந்தமாகி, நடை தள்ளாடி, கண்மணி தானாக ஆடத் தொடங்கும். 8 மாதத்தில் அந்த அளவுக்குப் போயிருக்கும் என்று பயப்படாதீர்கள். மீள்வது பற்றி நம்பிக்கையான தரவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலப் பகுதியில் பெட்ரோல் முகர்ந்த பழங்குடி இளைஞர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, இரண்டு வருடம் விட்டிருந்தவர்களின் நினைவும் கவனமும் பெருமளவு திரும்பியிருந்தன. பெட்ரோலில் இருந்த ஈயத்தால் மூளை வீங்கி மருத்துவமனைக்குப் போனவர்களிடம்தான் மீட்சி குறைவு.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த அவமானம் என்று அக்கா நினைத்தால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களை விடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை வகை இதுதான்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். உதவி தேவைப்படும் பிள்ளைகள் மட்டும் சுமார் 4.6 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். பாட்டில் வொயிட்னரையும் அதன் தின்னரையும் சில்லறையில் விற்க 2012இல் மத்திய அரசு தடை போட்டது, பேனா வடிவத்தில் மட்டும் விட்டது. பஞ்சர் ஒட்டாமல் ஊர் நடக்காது என்பதால் சொல்யூஷனை அப்படித் தடுக்க முடியாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இவை இல்லை, ஆகவே பையனைப் போலீஸில் ஒப்படைப்பதாக மிரட்டுவதில் பயனில்லை.

சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கடையில் விற்கும் போதைப் பரிசோதனைப் பட்டையில் இது தெரியாது. டொலுயீன் உடம்பில் மாறி உண்டாகும் ஹிப்யூரிக் அமிலத்தை லேபில் பார்க்கலாம், ஆனால் கெடாமலிருக்க சோடியம் பென்சோயேட் கலந்த குளிர்பானம் குடித்தாலே அது ஏறிவிடும். காசை வீணாக்காதீர்கள். மூக்கைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் வறண்ட புண், சட்டைக் கையில் பிசுபிசுப்பு, கர்சீப்பில் வாடை, இவை போதும்.

மாத்திரைக்கு வருவோம். இந்த ஏக்கத்தைப் போக்கவென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றைக்கு எதுவும் இல்லை. பிரமை முற்றி மனப்பிறழ்வாகும்போது மருத்துவர்கள் குறுகிய காலத்துக்கு மருந்து கொடுப்பார்கள். 1998இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில், முகர்ந்து மனப்பிறழ்வு வந்த 40 பேரை இரண்டாகப் பிரித்து, 5 வாரம் ஒரு பக்கத்துக்கு ஹாலோபெரிடால் என்ற மனப்பிறழ்வு மருந்தையும் மறுபக்கத்துக்குக் கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ பாதிப் பேர் தேறினார்கள். மருந்தே கொடுக்காத ஒரு குழு அதில் இல்லை, ஆகவே எத்தனை பேர் முகர்வதை நிறுத்தியதாலேயே தேறியிருப்பார்கள் என்பது அதிலிருந்து தெரியாது. வேலை செய்வது என்று நான் கண்டது மெதுவானது: முதல் சில வாரம் வாடையே படாத இடம், நல்ல சாப்பாடு, தூக்கம், பிறகு பேச்சு. ஆலோசனையை முதல் வாரமே ஆரம்பித்து அரைமணி நேரம் அறிவுரை சொன்னால் பாதி அவன் மூளையில் ஏறாது. பத்து நிமிடம் போதும், தினமும் இருக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 தேசியப் போதை மீட்பு உதவி எண். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. 18 வயதுக்குக் கீழே என்பதால் குழந்தைகள் உதவி எண் 1098இலும் பேசலாம். பெரியவர்களோடு சேர்த்துப் பூட்டி வைக்கும் மையங்களில் மட்டும் விடாதீர்கள், வேறு சரக்கைக் கற்றுக்கொண்டு வருவான்.

கடைசியாக, கடைக்காரரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள், ஆனால் பையனிடம் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் 2005 முதல் முகர்ந்தால் போதை தராத ஓபல் என்ற பெட்ரோலைக் கொண்டுவந்த ஊர்களில் முகர்வது பெருமளவு குறைந்தது. சரக்கு கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதற்கு அவ்வளவு பலம் உண்டு. கடையில் சொல்யூஷன் டப்பாவைப் பூட்டி வைத்தாலும் வாடை வரும், ஆகவே அவனை அங்கிருந்து எடுத்துவிடுவதுதான் சரி. ஆனால் எடுத்தால் அவன் சம்பளமும் போகும், நண்பர்களும் போவார்கள், நாள் முழுக்க வெறும் சுவர் மட்டும் மிஞ்சும். மேட்ச் பார்த்த பையனை நாங்கள் ஒரு ஜூஸ் கடையில் சேர்த்தோம். முதல் மாதம் இரண்டு முறை ஓடிப்போனான். மூன்றாவது மாதம் முதலாளி அவனிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போக ஆரம்பித்தார். போன வருடம் வரை அங்கேதான் இருந்தான், அப்புறம் தொடர்பு இல்லை. உங்கள் பையனுக்கு என்ன வேலை பிடிக்கும் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? நாளைக் காலையில், அவன் தெளிவாக இருக்கும்போது, முதலில் அதைக் கேளுங்கள். சுவரைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கலாம்.